உப்பளக் கரையும் உலகமுடிவுப் பிரசங்கமும்

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரையைக் கடந்து, பல மணி நேரம் நகராமல் நின்று பெய்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேலும், விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஏறக்குறைய 50 செ.மீ.யும் மழை பதிவாயிற்று. மரக்காணத்து உப்பளங்கள் ஏரியெனக் கிடந்தன. மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு.

அந்தத் திருவருகைக் காலத்தில் இக்கரையோரச் சபைகள் மூன்றில் அருளுரை கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மூன்றிலும் லூக்கா 21ஆம் அதிகாரமே எடுத்துக்கொள்ளப்பட்டது. மூன்றிலும் கடலின் முழக்கம் ஃபெஞ்சலோடு நேருக்கு நேர் பொருத்தப்பட்டது. பருவநிலை மாற்றம் என்னும் சொல்லும் தவறாமல் வந்தது. முடிவு நெருங்கிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஆயத்தமாயிருங்கள் என்பதே மூன்றின் சாரமும். ஆராதனை முடிந்து வெளியே வருகையில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உப்பு வாரிய மூதாட்டி ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "ஐயா, லோகம் முடியறது இருக்கட்டும். தை மாசம் அளத்துல வேலை இருக்குமா?" அருளுரையில் அதற்கு விடை இல்லை. என்னிடமும் அன்று இல்லை.

இக்கரையை அறியாத வாசகர்க்குச் சிறிது கூறவேண்டும். கழுவெளி என்னும் பெரிய உவர்நீர்ச் சதுப்பு மரக்காணத்தருகே கடலோடு கலக்கிறது. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் இங்குதான். உப்பு விளைச்சல் தையில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடைபெறும். பாத்தியைச் சீர்செய்து, மிதித்து இறுக்கி, உவர்நீர் பாய்ச்சி, வெயிலுக்குக் காத்திருந்து வாரவேண்டும். நடுவே ஒரு நாள் மழை பெய்தாலும் பல நாள் உழைப்புக் கரையும். மழைக்கால மாதங்களில் கூலி இல்லை. அதனை ஈடுசெய்யத் தமிழக அரசு 2022 முதல் உப்பளத் தொழிலாளர்க்கு ரூ. 5,000 வழங்கி வருகிறது. இம்மக்களுக்குப் பருவநிலை என்பது வாதப்பொருள் அன்று. அடுத்த வாரக் கூலி.

உலகமுடிவுச் சிந்தனை சபைக்கு மட்டும் உரியதன்று. இறைநம்பிக்கையற்ற அறிஞரிடமும் அது உண்டு. அதனால் நம் நாடே ஒருமுறை தீர்ப்புக்குள்ளானது. 1967இல் அமெரிக்கரான வில்லியம் பேடக், பால் பேடக் என்னும் சகோதரர் 'பஞ்சம் 1975!' என்றொரு நூல் எழுதினர். காப்பாற்ற இயலாத நாடுகளுக்கு உணவு அனுப்புவது வீண் என்று வாதிட்டு, இந்தியாவை அவ்வரிசையில் வைத்தனர். பிழைக்கமாட்டான் என்று முடிவுசெய்த நோயாளிக்கு மருந்து எதற்கு என்னும் நியாயம் அது. அவர்கள் குறித்த பேரழிவு இந்தியாவில் நிகழவில்லை. நிகழாமற் போனதற்குக் காரணம் அசட்டை அன்று; விதை, பாசனம், உணவு வழங்கல் ஆகியவற்றில் பலர் பாடுபட்டதே. (அப்பாசனத்திற்கு நிலத்தடி நீர் கொடுத்த விலை வேறொரு கட்டுரைக்குரியது.) முடிவை அறிவிப்பவன் எவனுடைய முடிவை அறிவிக்கிறான் என்று கேட்பது நல்லது. பெரும்பாலும் அது பிறனுடையதாகவே இருக்கும்.

அண்மைக்கால எழுத்தில் டேவிட் வாலஸ்-வெல்ஸின் 'வாழத்தகாத பூமி' பெரிதும் பேசப்பட்டது. 2017இல் கட்டுரையாகவும் 2019இல் நூலாகவும் வந்தது. மிகக் கொடிய சாத்தியங்களைத் திரட்டி அடுக்கும் நூல் அது. அதே ஆசிரியர் 2022இல், தாம் முன்பு அஞ்சிய உச்ச வெப்பநிலைகள் இப்போது பெரிதும் விலகியுள்ளன என்றும், எனினும் வரவிருப்பது இலேசானதன்று என்றும் எழுதினார். இத்திருத்தத்தை அவருடைய தோல்வியாக நான் கருதவில்லை. நம் பிரசங்கியாரில் எவரும் தம் தேதியைத் திருத்திக்கொண்டு மறு ஞாயிறு பிரசங்கபீடம் ஏறியதை நான் கண்டதில்லை.

விஞ்ஞானிகள் உண்மையில் கூறுவது என்ன? ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. 2006க்குப் பின் ஆண்டுக்கு 3.7 மி.மீ. வீதம் உயர்கிறது. இந்நூற்றாண்டின் இறுதிக்குள், நாம் வெளியிடும் புகையின் அளவைப் பொறுத்து, அது ஏறக்குறைய 28 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை உயரக்கூடும். அதனினும் கூடுதலாவதை முற்றும் விலக்க இயலாது. புயல்களின் எண்ணிக்கை பெருகும் என்று அவர்கள் கூறவில்லை. கடும்புயல்களின் விகிதமும், புயல் கொணரும் மழையும் மிகும் என்கின்றனர். 28 செ.மீ.க்கும் ஒரு மீட்டருக்கும் இடையேயுள்ள வேறுபாடு, அலையினின்று சாண் உயரமே மேலிருக்கும் வரப்புக்கு உயிர்ப் பிரச்சினை. 'எல்லாம் முடிந்தது' என்று சொல்பவர் அவ்வேறுபாட்டைக் காணமாட்டார். அக்குழுவும் தவறியதுண்டு. இமயப் பனியாறுகள் 2035க்குள் மறையக்கூடும் என்று 2007 அறிக்கையில் புகுந்த பிழையை 2010 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. அந்த ஒரு வரி, ஐயம் பரப்புவோர்க்குப் பல்லாண்டுத் தீனியாயிற்று.

இன்னொன்றையும் அந்த அருளுரைகள் மறைத்தன. மரக்காணத்துக்குத் தெற்கே, இதே மாவட்டத்துத் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் போன்ற மீனவக் குப்பங்களைக் கடல் அரித்து வருகிறது. கடல்மட்ட உயர்வு அதன் முதற்காரணம் அன்று. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்கு எழுப்பப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள் அம்மணலைத் தெற்கே நிறுத்தின; வடக்கே கரை பட்டினி கிடந்தது. கழுவெளியைச் சூழ்ந்த ஊர்களில் குடிநீர் உவர்த்ததற்கு, ஆழ்துளைக் கிணறுகள் அளவுக்கு மீறி இறைத்ததும் காரணம். இவற்றுக்கெல்லாம் முகவரி உண்டு. மனுக் கொடுக்க அலுவலகம் உண்டு. இவற்றைக் 'கடைசிக் காலம்' என்னும் ஒரே சாக்கில் கட்டுவது, மனிதர் செய்த தவற்றைத் தேவனின் திட்டமாக்கிவிடுகிறது. நிறைவின் நாள் தேவனுடைய செயல் என்பது நம் விசுவாசம். நிலக்கரிப் புகையின் விளைவை அந்நாளோடு குழப்புவது விசுவாசம் அன்று.

மறுபுறத்தாரைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. நோவாவுக்கு அளித்த வாக்குறுதியைக் காட்டி, ஒன்றும் நேராது என்போர் அவர்கள். ஃபெஞ்சல் அவர்களுக்கு விடை கூறிவிட்டது.

நம் மாணவர்கள் எரேமியாவின் 28, 29, 32ஆம் அதிகாரங்களை ஒருசேர வாசிக்கவேண்டும் என விரும்புகிறேன். அனனியா இரண்டே ஆண்டில் எல்லாம் சீராகும் என்றான், மக்கள் மகிழ்ந்தனர். எரேமியா எழுபது ஆண்டு என்றார். வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள் என்று சிறைப்பட்டோர்க்கு எழுதினார். நகரம் முற்றுகையிடப்பட்டிருக்கையில் ஆனதோத்தில் நிலம் வாங்கிப் பத்திரத்தை மண்பாண்டத்தில் வைத்தார். அவரை இருண்ட தீர்க்கதரிசி என்பர். எனக்கோ அவர் கணக்குத் தெரிந்தவராகத் தோன்றுகிறார். நகர் வீழும் என்றார். நிலத்தின் விலையையும் எண்ணிக் கொடுத்தார்.

இத்தகைய நோக்கு மெத்தனத்தில் முடியாதா என்று ஒரு மாணவர் வினவினார். முடியலாம். நான் அஞ்சுவதும் அதையே. ஆனால் கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும், 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும் உலகமுடிவை அறிவித்தவர்களால் நேர்ந்தவை அல்ல. சதுப்பின் எல்லையை அளந்தவர்களும், பறவையை எண்ணியவர்களும், கோப்பைத் தள்ளிக்கொண்டே இருந்தவர்களும் செய்தவை.

எசேக்கியேல் 47இல் ஆலயத்தினின்று புறப்படும் நீர் கடலையே குணமாக்குகிறது. ஆயினும் 11ஆம் வசனத்தில், சேற்றுப் பள்ளங்கள் குணமாக்கப்படாமல் உப்புக்கென விடப்படுகின்றன. இதனைச் சாபத்தின் எச்சம் என்பாரும் உளர். பலிக்கும் உணவுக்கும் உப்பு வேண்டியிருந்தது என்பாரே சரியெனக் கருதுகிறேன். குணமாக்கப்பட்ட உலகிலும் உப்பளம் இருக்கிறது. ஆகவே அங்கே உப்பு வாருபவர்களும் இருக்கவேண்டும். இவ்வசனத்தை அம்மூதாட்டியின் வீட்டில் வாசித்தேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, அரசுப் பணத்திற்கான படிவத்தை எழுதித் தருமாறு கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அவருடைய அளத்தில் சேறு வற்றி வேலை தொடங்கியபோது மாசி பாதி கழிந்திருந்தது.