முகப்பூச்சுப் பெட்டி: ஒரு மதிப்புரை

புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதுவது வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொள்வது புத்தகமன்று. ஒரு சிறு அட்டைப்பெட்டி. எழுத்தறியாதவர்களும் இதைப் ‘படித்திருக்கிறார்கள்’. ஏனெனில் இதில் முக்கியமானது எழுத்தன்று, படம். ஒரு பெண்ணின் முகம் கறுப்பாக ஒன்று, வெளுப்பாக ஒன்று. கறுப்பு முகத்தில் சோர்வு. வெளுப்பு முகத்தில் சிரிப்பு. இராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, திருவொற்றியூர் வழியே எண்ணூர் வரை நடந்து பாருங்கள். இந்த முகப்பூச்சு தொங்காத பெட்டிக்கடை அரிதாகவே இருந்தது. முழு டியூப் வாங்க இயலாதவர்களுக்குச் சிறு பொட்டலமும் உண்டு.

‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் அந்த முகப்பூச்சை இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1975-இல் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உறையிலிருந்த இரட்டை முகமும், நிறப்படிகளைக் காட்டும் அளவுப்பட்டையும் 2019-இல் நீக்கப்பட்டன. 2020-இல் பெயரும் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாறியது. பழைய பெட்டி போய்விட்டதே, இப்போது எதற்கு மதிப்புரை என்று நீங்கள் கேட்கலாம். பெட்டிதான் போயிற்று, அது கற்பித்த பாடம் போகவில்லை. அந்தப் பாடம் சரியா என்பதே இங்கு நம் கேள்வி.

முதலில் நிறம் என்பது என்னவென்று பார்ப்போம். நம் மேல்தோலின் அடிவரிசையில் நிறமி உயிரணுக்கள் இருக்கின்றன. அவை மெலனின் என்னும் நிறப்பொருளைச் செய்து, சிறுசிறு பொட்டலங்களாக அண்டை உயிரணுக்களுக்கு வழங்குகின்றன. அங்கே மெலனின் உட்கருவின்மேல் குடைபோலக் கவிந்து நின்று, புறஊதாக் கதிர்கள் மரபுப்பொருளைத் தாக்காமல் காக்கிறது. வியப்பான செய்தி ஒன்று: கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் இந்த நிறமி உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. பொட்டலங்களின் அளவும் அவை சிதையும் வேகமும்தான் வேறுபடுகின்றன. ஆகவே கறுப்பு நிறம் குறைபாடுமன்று, நோயுமன்று.

மங்கு என்பது வேறு. மருத்துவர்கள் இதை மெலாஸ்மா என்பார்கள். கன்னம், நெற்றி, மூக்கு, மேலுதடு ஆகிய இடங்களில், பெரும்பாலும் இருபுறமும் ஒத்தாற்போல், பழுப்புத் திட்டுகளாகப் படரும். பெண்களுக்கு மிகுதி, ஆண்களுக்கும் வரும். கருவுற்ற காலத்தில் சுரக்கும் ஹார்மோன்கள், கருத்தடை மாத்திரைகள், குடும்பவழி இயல்பு, வெயில் இவை சேர்ந்து நிறமி உயிரணுக்களைத் தூண்டிவிடுகின்றன. புறஊதாக் கதிர் மட்டுமன்று, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தூண்டும். அடுப்பு, உலை போன்றவற்றின் வெப்பமும் மங்கை மிகுவிக்கக்கூடும்.

இப்போது பெட்டியின் படத்தை மறுபடி பாருங்கள். அதில் மங்கு எங்கே இருக்கிறது? முழு முகமும் ஒரே சீராகக் கறுத்திருக்கிறது. அதாவது, இயற்கை நிறத்தையே நோயாக வரைந்து, வெளுப்பையே நலமாக வரைந்திருக்கிறார்கள். இதுவே இந்தப் ‘படைப்பின்’ அடிப்படைப் பிழை.

நடுநிலையோடு சொல்வதானால், பெட்டிக்குள் இருந்தது வெறும் ஏமாற்றல்ல. அதன் முக்கியப் பொருளான நியாசினமைடு ஒரு வைட்டமின் வகை. நிறப் பொட்டலங்கள் அண்டை உயிரணுக்களுக்குச் செல்வதை அது ஓரளவு தடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அந்தப் பயன் சிறியது. பூசுவதை நிறுத்தினால் மறைவது. பிறவி நிறத்தை மாற்றும் வல்லமை அதற்கு இல்லை. உள்ளே இருந்தது சிறு உண்மை. வெளியே வரைந்தது பெரும் பொய்.

விளம்பரங்கள் அந்தப் பொய்யை மேலும் வளர்த்தன. மகன் இல்லையே என்று வருந்தும் தந்தை. முகப்பூச்சால் நிறம் வெளுத்து, விமானப் பணிப்பெண் வேலை பெற்று வரும் மகள். இப்படியொரு விளம்பரம் தொலைக்காட்சியில் வந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் எதிர்த்து முறையிட்டது. 2003-இல் அந்த விளம்பரம் நின்றது. கறுத்தவர்களை அழகற்றவர்களாகவோ மகிழ்ச்சியற்றவர்களாகவோ காட்டக்கூடாது என்று விளம்பரத் தரக் குழு 2014-இல் விதி வகுத்தது.

1975-ஆம் ஆண்டை நாம் இன்னும் விடுவதற்கில்லை. அதே ஆண்டில் வேறு இரண்டு செய்திகளும் மருத்துவ இதழ்களில் வெளிவந்தன. ஒன்று, அமெரிக்க மருத்துவர்கள் க்ளிக்மனும் வில்லிஸும் மங்குக்குக் கண்ட முக்கூட்டு மருந்து. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் கலந்தது அது. அதன் வழிவந்த கலவைகளே இன்றும் மங்குக்குரிய சிறந்த மருந்துகளில் ஒன்றாக இருக்கின்றன. மற்றொன்று, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த எச்சரிக்கை. வெளுக்கும் பூச்சாக ஹைட்ரோகுவினோனை நெடுங்காலம் பூசிய பெண்களின் முகத்தில், கருநீலத் திட்டுகள் நிலையாகப் படிந்துவிட்டதை ஃபின்ட்லேயும் அவர் தோழர்களும் அறிவித்தார்கள். வெளுக்கப் பூசியது கறுக்க வைத்தது!

ஒரே ஆண்டில் மூன்று: ஒரு விளம்பரம், ஒரு மருந்து, ஓர் எச்சரிக்கை. விளம்பரம் சுவரெங்கும் வந்தது. மருந்து, மருத்துவரை விட்டுவிட்டுத் தனியே மருந்துக்கடைக்கு வந்தது. எச்சரிக்கை மட்டும் மருத்துவ நூலகங்களோடு நின்றுவிட்டது.

வாசகர்களே, விளைவை எண்ணிப் பாருங்கள். ‘கறை என்றால் வெளுப்பு இல்லாமை, அதற்கு மருந்து ஒரு டியூப்’ என்று பெட்டி சொல்லிக் கொடுத்திருக்கிறது. மங்கு விழுந்த பெண் நேரே மருந்துக்கடைக்குப் போகிறாள். பக்கத்து வீட்டு அக்கா பூசியதையே தானும் கேட்டு வாங்குகிறாள். அது ஸ்டீராய்டு கலந்த பூச்சு. இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிறது. மகிழ்ந்து, சில வாரங்களில் நிறுத்த வேண்டியதை மாதக்கணக்கில் பூசுகிறாள். தோல் மெலிகிறது, இரத்தக் குழாய்கள் சிவந்து தெரிகின்றன, பருக்களும் மயிரும் முளைக்கின்றன, நிறுத்தினால் எரிச்சலும் கறுப்பும் முன்னைவிடக் கூடுகின்றன. ‘ஸ்டீராய்டால் சேதமுற்ற முகம்’ என்று இதற்கு 2008-இல் நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் தனிப்பெயரே இட நேர்ந்தது. 2018-இல் மத்திய அரசு இத்தகைய பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது.

இதைவிடக் கொடியது பாதரசம். மெலனின் உருவாக உதவும் நொதியைப் பாதரசம் முடக்கும். அதனால் தோல் வெளுக்கும். ஆனால் தோல் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டிகள் பழுதாகிப் புரதம் ஒழுகும் நோயால் 22 பேர் வந்தனர். அவர்களில் 15 பேருக்கு அரிய ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் பூச்சு பூசியவர்கள்! ஒரு விளக்கம் இங்கு அவசியம். நாம் மதிப்புரைக்கு எடுத்த பெட்டியில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருந்தது என்று சொல்லவில்லை. வெளுப்பின்மேல் அது வளர்த்த ஆசையே இந்தப் பெயர் தெரியாத டப்பாக்களுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது என்கிறோம்.

பெட்டியைக் குறை கூறியாயிற்று; மருத்துவ அறிவுரைகளையும் சற்றுப் பார்க்க வேண்டும். மங்கு பற்றிய குறிப்புகள் எல்லாம் ‘வெயிலைத் தவிர்க்கவும்’ என்று தொடங்குகின்றன. சரிதான். ஆனால் விடியலில் காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைப் பகல்வரை தெருவோரம் வைத்து விற்கும் பெண் எங்கே போய் வெயிலைத் தவிர்ப்பாள்? எண்ணூர் ஆலை வாசலில் பேருந்துக்கு நிற்பவர் என்ன செய்வார்? வாழ்க்கையை அறியாத அறிவுரை, படிக்கும்போதே தோற்றுவிடுகிறது.

அவர்களால் இயன்றதைச் சொல்வோம். பெரிய குடை அல்லது தார்ப்பாய் நிழல். அகன்ற விளிம்புத் தொப்பி. இல்லையேல் நெற்றி மறைய இழுத்துப் போட்ட முந்தானை. செலவு குறைந்த இவையே முதல் மருந்து. கைக்கு எட்டினால் வெயில்காப்புப் பூச்சும் பூசலாம். வியர்வையில் கரைவதால் இரண்டு மூன்று மணிக்கொரு முறை மீண்டும் பூச வேண்டும். இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறமுள்ள வகை மேலானது. அது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். முகத்தை அழுத்தித் தேய்க்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு வேண்டாம். புண்பட்ட தோல் இன்னும் கறுக்கும்.

மருந்தை மருத்துவரே முடிவு செய்யட்டும். கருவுற்றவர்களுக்கு ட்ரெட்டினாயினும் ஹைட்ரோகுவினோனும் கொடுப்பதில்லை. சிலருக்குப் பேறுகாலத்துக்குப் பின் மங்கு தானே வெளிறும். டிரனெக்சாமிக் அமிலம் என்னும் மாத்திரை பலருக்கு உதவுகிறது. ஆனால் இரத்தம் உறையும் இயல்புடையவர்களுக்கு அது ஆபத்து. கருத்தடை மாத்திரையைக் கேளாமல் நிறுத்துவதும் தவறு. மேலும், எல்லாக் கருமையும் மங்கன்று. கழுத்தில் தடித்த கருமை நீரிழிவின் முன்னறிவிப்பாக இருக்கலாம். தலைச்சாயம், குங்குமம் போன்றவற்றின் ஒவ்வாமையும் முகத்தைக் கறுக்கச் செய்யும். வடசென்னைவாசிகளுக்கு இராயபுரத்தை அடுத்தே அரசு ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. அங்கே தோல் நோய்ப் பிரிவு உண்டு.

ஓர் உண்மையையும் மறைக்கக்கூடாது. மங்கு முற்றாக ஒழிவது அரிது. அதை அடக்கி வைக்கலாம். வெயில் கூடினால் மீண்டும் தலைதூக்கும். மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும். இரண்டே முகங்களைக் காட்டிய பெட்டியில் இந்த மாதங்களுக்கு இடமே இல்லை.

அடுத்த முறை உங்கள் வீட்டில் எந்த முகப்பூச்சு வந்தாலும் படத்தை விட்டுப் பின்புறத்தைப் படியுங்கள். செய்தவர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். பெயர் ‘-சோன்’, ‘-சால்’ என்று முடிந்தால் அது ஸ்டீராய்டாக இருக்கலாம். யார் எழுதித் தந்தது என்று கேளுங்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ படிக்கத் தெரியாவிட்டால், நீங்கள் படித்துச் சொல்லுங்கள்.