படர்க்கையும் தன்மையும்: 'ஈவ்' வரலாற்று நூல்கள் குறித்து ஒரு திறனாய்வு

தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களைத் தொடக்கப் பள்ளியிலேயே கற்பித்து விடுகின்றோம். 'நான் விழுந்தேன்', 'அவள் விழுந்தாள்' எனக் கரும்பலகையில் எழுதி, வினைமுற்றின் விகுதி மாறுவதைச் சுட்டிக் காட்டுகின்றோம். இந்த எளிய இலக்கணம் ஒரே உள்ளத்துக்குள் முறிந்துபோகக் கூடுமா? தன் உடல் பட்ட அடியைத் 'தான் பட்டேன்' என்று சொல்ல இயலாது, 'அவள் பட்டாள்' என்று மட்டுமே சொல்லக்கூடிய நிலை ஒரு குழந்தைக்கு வருமா? வரும் என்கிறது மருத்துவ உளவியல். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் இது 'பன்மை ஆளுமை' என்று இடம்பெற்றது. 1994ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பெயர் நீக்கப்பட்டு, 'பிரிநிலை அடையாளக் கோளாறு' என்னும் பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாற்றத்தில் ஒரு கருத்தும் உண்டு. ஓர் உடலுக்குள் பல மனிதர்கள் குடியிருக்கின்றனர் என்பதன்று செய்தி; ஒரு மனிதர் முழுமையாக ஒன்றுகூட இயலாமல் போயிற்று என்பதே செய்தி.

தமிழ் பயின்றோர்க்கு உடனே ஓர் ஐயம் எழலாம். திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்றும் 'நெஞ்சொடு புலத்தல்' என்றும் அதிகாரங்களே உள்ளனவே, தலைவி தன் நெஞ்சைப் பிரித்து நிறுத்திப் பேசுவதும் இதுதானோ என்பதே அவ்வையம். அன்று. அங்கே பேசும் தலைவிக்குத் தன் நெஞ்சு தன்னுடையது என்பது நன்கு தெரியும். தெரிவதனால்தான் ஊடவும் முடிகிறது. நாம் பேசவந்த நோயிலோ ஒரு பகுதி செய்ததை மற்றொரு பகுதி அறியாது. இடையில் இருப்பது மறதி என்னும் சுவர். இதனை மனச்சிதைவு நோயோடு குழப்புவாரும் உளர். மனச்சிதைவு வேறு நோய். அதற்குரிய மருந்தும் வேறு. செய்தித்தாள்கள் இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

இந்நோயைப் பொதுமக்கள் கண்முன் நிறுத்திய நூல்களுள் முதன்மையானது 'ஈவின் மூன்று முகங்கள்'. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகர மருத்துவர்களான கார்பெட் திக்பென், ஹெர்வி கிளெக்லி ஆகிய இருவரும் 1954இல் ஓர் ஆய்விதழில் இந்நோயாளியைப் பற்றிக் கட்டுரை எழுதினர். 1957இல் அது நூலாக விரிந்தது. தலைவலிக்கு மருந்து தேடி வந்த அடக்கமான இளம் மனைவிக்கு 'ஈவ் வெள்ளை' என்று பெயரிட்டனர். அவரிடமிருந்து திடுமென வெளிப்பட்ட துடுக்கும் குறும்பும் மிக்க மற்றொருத்திக்கு 'ஈவ் கறுப்பு' என்று பெயரிட்டனர். பின்னர்த் தோன்றிய நிதானமான மூன்றாமவர் 'ஜேன்' எனப்பட்டார்.

அந்நூலின் சிறப்பை மறுப்பதற்கில்லை. கட்டுரையிலும் நூலிலும் வரும் இரண்டு செய்திகள் படித்தவர் நெஞ்சைவிட்டு அகலா. ஒன்று, மருத்துவருக்கு வந்த ஒரு கடிதம். அமைதியான கையெழுத்தில் தொடங்கும் அக்கடிதத்தின் இறுதியில், வேறு கையெழுத்தில், சிறுபிள்ளைத்தனமான சில வரிகள் கிறுக்கப்பட்டிருந்தன. கடிதத்தைத் தொடங்கியது ஈவ் வெள்ளைக்கு நினைவிருந்தது; முடித்ததோ அனுப்பியதோ நினைவில்லை. இரு கைகள் எழுதிய ஒரே மடல்! இலக்கிய மாணாக்கர்க்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டா. மற்றொன்று, ஆறு வயதில் நிகழ்ந்தது. போகக்கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த காட்டுப்பக்கம் சிறுமி விளையாடப் போய்விட்டாள். வீடு திரும்பியதும் பெற்றோர் கேட்டனர். 'நான் போகவில்லை' என்றாள். பொய் சொல்கிறாள் என்று அடி விழுந்தது. போனவள் ஈவ் கறுப்பு. அடிபட்டவள் ஈவ் வெள்ளை. போனவளுக்குப் போனது நினைவிருந்தது, அடி வலிக்கவில்லை. அடிபட்டவளுக்கு வலித்தது, காரணம் தெரியவில்லை.

இவ்விரண்டாம் செய்தியை மருத்துவர்கள் ஒரு விந்தையாகவே பதிவு செய்து நகர்ந்து விடுகின்றனர். நூலின் குறை இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. ஈவ் கறுப்பின் சிரிப்பையும் குரலையும் ஒயிலையும் வருணிக்கும்போது அவர்களின் எழுதுகோல் களிப்போடு ஓடுகிறது. விலையுயர்ந்த ஆடைகளை அவள் வாங்கிக் குவிப்பதும், ஒன்றுமறியாத ஈவ் வெள்ளை கணவன் முன் திகைத்து நிற்பதும் நாடகக் காட்சிகள் போல் அமைகின்றன. ஒன்றும் அறியாது தண்டிக்கப்பட்ட அந்த ஆறு வயதுச் சிறுமியின் நிலையில் நின்று பார்க்க முயன்றிருந்தால் நூல் வேறாகியிருக்கும். முகங்களை எண்ணினார்கள்; மறதியை அளக்கவில்லை.

அதே 1957இல் நன்னலி ஜான்சன் இயக்கத்தில் திரைப்படமும் வந்தது. மூன்று முகங்களையும் ஏற்று நடித்த ஜோன் உட்வர்ட் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருது பெற்றார். நடிப்பு பாராட்டுக்குரியதே. ஆயின் திரைக்கதை செய்த தீங்கு சிறிதன்று. இறந்துபோன பாட்டியின் முகத்தில் முத்தமிடுமாறு வற்புறுத்தப்பட்ட ஒரே ஒரு நினைவு மீள்கிறது. மீண்டதும் நோய் அகலுகிறது. புதுக் கணவனோடும் மகளோடும் ஜேன் மகிழ்ந்திருக்கப் படம் நிறைவடைகிறது. புதையலைத் தோண்டி எடுப்பதுபோல் ஒரு நினைவைத் தோண்டி எடுத்தால் போதும், உள்ளம் ஒன்றாகிவிடும் என்னும் மயக்கம் அன்று முதல் கதைகளில் வேரூன்றிற்று. 1958இல் நோயாளியே 'ஈவலின் லங்காஸ்டர்' என்னும் புனைபெயரில், ஜேம்ஸ் போலிங் என்னும் எழுத்தாளரின் துணையோடு, 'ஈவின் இறுதி முகம்' என்ற நூலையும் வெளியிட்டார். 'இறுதி' என்பது தலைப்பில் மட்டுமே இருந்தது.

உண்மையில் நடந்தது என்ன? கிறிஸ் காஸ்ட்னர் சைஸ்மோர் என்பதே அவர் பெயர்; 1927இல் தென் கரோலினாவில் பிறந்தவர். 1970களில் தம்மை உலகுக்கு வெளிப்படுத்திக் கொண்டார். 1977இல் உறவினர் எலன் பிட்டிலோவோடு சேர்ந்து 'நானே ஈவ்' என்ற நூலைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். மூன்று முகங்களோடு எதுவும் முடியவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட நிலைகள் முன்னும் பின்னும் இருந்தன. திரையில் நலம் பெற்றதாகக் காட்டப்பட்ட காலத்துக்குப் பின்னரும் பல்லாண்டுகள் துன்புற்றுப் பல மருத்துவர்களை நாடி, 1970களின் இடைப்பகுதியில்தான் ஒருமை கைகூடிற்று என்று அதில் எழுதினார். தோற்றுவாயும் வேறாக இருந்தது. மிகச் சிறு வயதில் அடுத்தடுத்துக் கண்ட கோரங்களை அவர் குறிப்பிடுகின்றார்: தாயின் கையில் ஏற்பட்ட பெருங்காயம், நீரிலிருந்து எடுக்கப்பட்ட பிணம், மரம் அறுக்கும் ஆலையில் ஒருவர் அறுபட்டு மாண்டது. பெற்றோர் தம்மைக் கொடுமைப்படுத்தவில்லை என்றும் தெளிவுபடுத்துகின்றார்.

இந்நோய்க்கு ஆளானோர் பலருடைய வரலாற்றில் இளமைக் கொடுமைகள், குறிப்பாக நம்பியிருந்த பெரியோராலேயே நேர்ந்தவை, மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன. குழந்தையின் தன்னுணர்வு பிறக்கும்போதே ஒருமைப்பட்டு அமைவதில்லை. சிறுகச் சிறுகவே கூடுகிறது. ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது, கொடுமை செய்பவரிடமே சோறும் உண்ண வேண்டும் என்னும் நிலையில், 'இது எனக்கு நேரவில்லை' என்று உள்ளம் விலகிக் கொள்கிறது. அவ்விலகல் குழந்தையைக் காக்கிறது. காத்த கருவியே பின்னாளில், கொடுமை நீங்கிய பின்னும், வாழ்வைத் துண்டாடுகிறது.

ஈவ் வரலாற்றுக்கு அடுத்தபடியாகப் புகழ்பெற்றது ஃபுளோரா ரீட்டா ஷ்ரைபர் 1973இல் எழுதிய 'சிபில்'. பதினாறு ஆளுமைகள் என்று அந்நூல் அறிவித்தது. 1976இல் தொலைக்காட்சிப் படமும் ஆயிற்று. ஆனால் 2011இல் டெபி நேதன் என்னும் இதழாளர் ஆவணங்களை ஆராய்ந்து எழுதிய நூல் பல அதிர்ச்சிகளைத் தந்தது. மருத்துவர் கார்னீலியா வில்பர் நோயாளிக்கு நெடுங்காலம் 'உண்மை மருந்து' எனப்பட்ட பென்டதாலைச் செலுத்தி வந்தார். பல ஆளுமைகள் தமக்கு இல்லை என்று நோயாளியே 1958இல் கடிதம் எழுதியபோது, அதனை நோயின் தந்திரம் என்று மருத்துவர் தள்ளினார். மயக்க மருந்திலும் அறிதுயிலிலும் இல்லாத நினைவுகள் உருவாகவும் கூடும் என்பது இன்று நன்கறிந்த உண்மை. ஆகவே இந்நோயே மருத்துவர்களின் கற்பனை என்று வாதிடும் அறிஞரும் உளர். ஒரு நூல் பொய்த்ததனால் நோயே பொய்யாகிவிடாது என்பேன் நான். ஆயினும் 'சிபில்' நமக்குக் காட்டும் எச்சரிக்கை கூர்மையானது: அங்கே 'நான் அவ்வாறில்லை' என்று தன்மையில் எழுந்த ஒரு குரலைக்கூட மற்றவர்கள் படர்க்கையாக்கி விட்டனர்.

சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பார்த்தால் இக்கதைகளின் அவசரம் விளங்கும். பியேர் ஜானே என்னும் பிரெஞ்சு அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே படிநிலைச் சிகிச்சையை வகுத்தார். ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூலிலும், இத்துறைக்கான பன்னாட்டுச் சங்கம் 2011இல் வெளியிட்ட நெறிமுறையிலும் அதே மூன்று படிகளே வருகின்றன. முதற்படி பாதுகாப்பு: உறக்கம், உணவு, தன்னைத் தானே காயப்படுத்திக் கொள்ளாமை, அச்சம் எழும்போது 'இன்று இந்த நாள், இந்த அறை' என்று நிகழ்காலத்தைப் பற்றிக் கொள்ளும் பயிற்சி. இப்படியிலேயே ஆண்டுகள் கழிவதுண்டு. அதன் பின்னரே, தாங்கக்கூடிய அளவில், கொடிய நினைவுகளை அணுகுவர். மூன்றாவது, ஒருங்கிணைந்து அன்றாட வாழ்வுக்குத் திரும்புதல். நோயை நேரடியாகக் குணமாக்கும் மருந்து இல்லை. உடன்வரும் மனச்சோர்வுக்கும் உறக்கமின்மைக்கும் மருந்து தரப்படும். எந்தப் பகுதியையும் 'கெட்டவள்' என்று விரட்டுவதில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் குழந்தையைக் காக்க எழுந்ததே ஆதலின், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று அறிமுகப்படுத்துவதே மருத்துவர் செய்வது. சிலர் முழுமையாக ஒன்றாவர். சிலர் பகுதிகளுக்கிடையே உடன்பாடு காண்பதோடு அமைவர். நாடகக் காட்சி எதுவும் இல்லாத நெடும்பணி இது. திரைப்படக்காரர்களுக்கு இதில் என்ன வேலை?

நம் மாணாக்கர்க்கு இந்நோய் அறிமுகமானது பெரும்பாலும் 2005இல் வந்த 'அந்நியன்' வாயிலாகத்தான். அம்பி, ரெமோ, அந்நியன் என மூவராக விக்ரம் நடித்தார். இளமையில் தங்கை மின்சாரம் பாய்ந்து மாண்டதை வேராக அமைத்ததில் இயக்குநர் ஷங்கரின் திறம் தெரிகிறது. 'அந்நியன்' என்ற தலைப்பே நோயின் படர்க்கைத் தன்மையை ஒரு சொல்லில் பிடித்து விடுகிறது. ஆயின் கதை அந்நியனைக் கருட புராணத் தண்டனைகள் வழங்கும் கொலைஞனாக்கி, அதற்கு நம் கைத்தட்டலையும் வாங்குகிறது. உண்மை நோயாளிகள் பிறரைக் கொல்லத் திரிபவர் அல்லர். தம்மையே துன்புறுத்திக் கொள்வோரும் தற்கொலைக்கு முயல்வோரும் அவர்களுள் மிகுதி. பெரும்பாலோர் நோயை மறைத்தே வாழ்வர், அருகிலிருப்போர்க்குக்கூடத் தெரியாது. ஆவி பிடித்தது போன்ற வடிவிலும் இந்நோய் தோன்றலாம் என்பதை 2013ஆம் ஆண்டு வகைப்பாடு ஏற்றுக்கொண்டது. கோயில் விழாவில் ஊரறிய அருள் வந்து ஆடுவது அதில் சேராது. வேண்டாதபோதும் வந்து வாழ்வைக் குலைப்பதே நோய். இவ்வேறுபாட்டை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம். செய்ததைச் 'செய்யவில்லை' என்று கண்ணீரோடு சாதிக்கும் பிள்ளை எல்லாம் நோயாளி அல்ல. பெரும்பாலும் பிரம்புக்கு அஞ்சிய பிள்ளையே. ஆயினும் காட்டுக்குப் போய்வந்த அந்தச் சிறுமியின் கதையைப் படித்தபின், கேள்வியைச் சற்று மெல்லக் கேட்கத் தோன்றுகிறது.

சைஸ்மோர் 1989இல் மீண்டும் ஒரு நூல் எழுதினார். 'எனக்கென ஒரு மனம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். முந்தைய நூல்களின் புகழ் இதற்கு வாய்க்கவில்லை. என் மதிப்பீட்டில் வரிசையில் தலையாயது இதுவே. ஒருமை கைகூடிய பின் வரும் இடர்களை வேறெந்த நூலும் இவ்வளவு பேசவில்லை. பல பகுதிகளோடு பழகிப்போன கணவருக்கும் பிள்ளைகளுக்கும், முழுமையுற்ற இப்பெண்மணி ஒரு புதியவர். அவரோடு அவர்கள் மீண்டும் பழகிக் கொள்ள வேண்டியிருந்தது. அதே ஆண்டில், தம் வாழ்க்கைக் கதைக்கு 1956ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழி உரிமை கொண்டாடிய படநிறுவனத்தை எதிர்த்து நியூயார்க் நீதிமன்றத்துக்கும் சென்றார். வழக்கு பின்னர் உடன்பாட்டில் முடிந்தது. நான்கு நூல்களின் முகப்பேடுகளையும் வரிசையாக அடுக்கிப் பார்க்கலாம். 1957இல் மருத்துவர் இருவர் பெயர். 1958இல் புனைபெயரும் துணையெழுத்தாளர் பெயரும். 1977இல் சொந்தப் பெயரும் உறவினர் பெயரும். 1989ஆம் ஆண்டு நூலின் முகப்பில் ஒரே ஒரு பெயர்.