மௌனத்தின் விலை: ‘முறிந்த பனை’யின் பெண்கள் இயல்

1987 ஒக்டோபரில் இந்தியப் படை யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது பெண்கள் பலர் பாலியல் வன்முறைக்குள்ளாயினர். அவ்வனுபவங்களை ‘முறிந்த பனை’யிற் பதிவுசெய்தவர் யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம. நூல் 1990இல் வெளிவருமுன், 1989 செப்டெம்பர் 21இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

எமது வழக்கிலுள்ள ‘கற்பழிப்பு’ என்ற சொல், செய்தவனின் குற்றத்தைப் பாதிக்கப்பட்டவளின் இழப்பாக்கிவிடுகிறது. ராஜினியோ பெண்களை வெறும் பலியாட்களாகவன்றி, எதிர்த்துநின்று வாழ்வோராகவும் காண்கிறார். இதுவே அவ்வியலின் சிறப்பு. ஆயினும், நிகழ்வுக்கு அணித்தாய் எழுதப்பட்டமையால், பின்வந்த ஆண்டுகளின் அன்றாடம் அதில் இடம்பெற வாய்ப்பில்லை.

அவ்வன்றாடத்தை நாம் எவ்வாறு வாசிப்பது? அதே வீடு, அதே ஒழுங்கை, அதே கிணற்றடி. சப்பாத்தொலி கேட்டால் நடுக்கம். முறையிட்டால் தங்கையின் திருமணம் குழம்பும் என அறிந்தவள் வாய்மூடுவது மறதியன்று, சம்மதமுமன்று, அது தற்காப்பு. அதன் விலையை உறக்கமின்மையாகவும் காரணம் புலப்படாத உடல்நோவாகவும் அவளே செலுத்துகிறாள். வேலையும் விரதமும் அவளைத் தாங்கலாம், நியாயம் வழங்கா.

எனவே, அவளது மனவலிமையைப் போற்றுவதோடு அமையும் விமர்சனம் போதாது. அச்சுமையை அவள்மீது ஏற்றிய எமது சமூகமும் அதன் சொற்களுமே விசாரணைக்குரியன.