சோழியும் சுட்டியும்: ஆசிரியர் பயிற்சியிற் கணிமைச் சிந்தனை

1825ஆம் ஆண்டு சென்னையில் வெளியான 'காலசங்கலித' என்னும் ஆங்கில நூலில் ஜோன் வாரன் என்பார் சுவையான செய்தியொன்றைப் பதிவு செய்துள்ளார். புதுச்சேரியில் அவர் கண்ட தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், நிலத்திற் சோழிகளை அடுக்கி, மனனஞ்செய்த வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் நேர்ந்த பிழை 4 நிமிடமே. முடிவு நேரத்தில் 52 நிமிடம். 1952இல் ஒட்டோ நொய்கபவர் தமிழ் வானியல் பற்றி எழுதிய கட்டுரையால் இச்செய்தி அறிஞருலகிற் பரவலாயிற்று. ஆயின், அக்கணிதர் வானியற் கொள்கை எதனையும் அறியாதவர் என்றும் வாரன் கூறுகின்றார். நம்மவர் பெருமை பேசுமிடத்து இப்பின்பகுதியை விட்டுவிடுவர்.

விடக்கூடாத பகுதி அதுவேயாகும். 1980இல் சீமோர் பப்பேட்டும் 2006இல் ஜெனற் விங்கும் எடுத்துரைத்த கணிமைச் சிந்தனை, கணக்கிடும் வேகமன்று. சிக்கலைக் கூறுகளாகப் பிரித்தல், வேண்டாதவற்றை ஒதுக்கல், படிகளை ஒழுங்குபடுத்தல், எப்படியிற் பிழைத்தது எனத் தேடிக் காணல் ஆகியவற்றின் தொகுதி. கணிதரிடம் படிகள் இருந்தன. முடிவு நேரம் ஏன் பிழைத்தது என வினவும் வழி இருக்கவில்லை.

நமது விஞ்ஞான வகுப்புகளின் நிலையும் இதுவேயெனின் மிகையாகாது. உயிரினங்களை இனங்காணும் இணைக்கவர்ச் சுட்டி, கணினி வருமுன்னரே பாடநூலிற் குடிகொண்டுவிட்ட சீரிய படிமுறை. அதனை மாணவர் மனனஞ் செய்கின்றனர். தாமே அமைப்பது அரிது. கணிமைச் சிந்தனை கணினி அறைக்குரியது என்று கருதும் விஞ்ஞான ஆசிரிய மாணவருக்கு, அது தம் கைநூலிலேயே கிடக்கின்றதென உணர்த்துவது பயிற்சியின் முதற் கடன்.

முற்காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையொன்று இயங்கிய கொழும்புத்துறையையே எடுத்துக்கொள்வோம். ஆழங்குறைந்த கடனீரேரியின் கரையிற் பொறுக்கிய ஊரி, மட்டி, சிப்பி ஓடுகள் ஒரு வகுப்புக்குப் போதும். 'ஓடு ஒன்றா, இரண்டா?' என்பது பிள்ளைகள் பெரும்பாலும் அமைக்கும் முதற் கேள்வியாகலாம். கரையொதுங்கும் மட்டியோ பெரிதும் ஒற்றை ஓடாகவே கிடைக்கும், கேள்வி பிழைத்துவிடும். திறமையற்ற ஆசிரியர் அங்கே சரியான விடையைச் சொல்லிவிடுவார். பயிற்சி பெற்றவரோ எந்தக் கேள்வி ஏமாற்றியது எனப் பிள்ளைகளைத் தேடவிடுவார். 'சுருளுண்டா? பொருந்தும் விளிம்பில் மூட்டுத் தழும்புண்டா?' என்னும் புதிய கேள்விகள் அத்தேடலிற் பிறப்பன.

இக்கேள்விகள் விரலாலும் விடை காணத்தக்கவை என்பது ஈண்டு நோக்கற்பாலது. 'நிறம் யாது?' என்று தொடங்கும் சுட்டி பார்வை குன்றிய பிள்ளையை முதற் படியிலேயே வெளியேற்றிவிடும். உட்படுத்தற் கல்வியை இறுதியிற் சேர்க்கும் சலுகையாக, தனி விரிவுரையொன்றாக அமைக்கும் பயிற்சித் திட்டம் இதனைக் காணத் தவறும். கைதடி நவீல்ட் பாடசாலை போன்ற சிறப்புப் பாடசாலைகளின் பணி போற்றற்குரியது. ஆயின் அவை உள்ளன என்பதைச் சாட்டாகக் கொண்டு, ஏனைய ஆசிரியர் இப்பொறுப்பிலிருந்து விலகுதல் தகாது. வீட்டிற் கணினியில்லாத பிள்ளைக்கும் ஓடுகள் இடையூறு செய்யா.

எல்லாவற்றையும் தொடுபொருளாக மாற்றலாம் என்பதும் மிகையே. சுவாலைச் சோதனையிற் செம்பின் பச்சையைத் தொட்டறிய இயலாது. அங்கே வேலையைப் பகிர்தல் வேண்டும்: ஒருவர் நிறத்தைக் கூற, பார்வையற்ற பிள்ளை பிரெயில் எழுத்திலமைந்த சுட்டியைத் தடவி அடுத்த சோதனை எதுவெனத் தீர்மானிக்கலாம். சிந்திக்கும் பங்கு அப்பிள்ளையிடமா, குறிப்பெழுதும் பங்கு மட்டுமா என்பதையே கற்பித்தற் பயிற்சியை மேற்பார்வை செய்வோர் பார்த்துப் புள்ளியிடவேண்டும். கரும்பலகையின் ஒழுங்குக்கும் பாடக்குறிப்பின் அழகுக்கும் இடும் புள்ளிகளிற் சிலவற்றை இதற்கு ஒதுக்கினாலே ஆசிரிய மாணவரின் கவனம் திரும்பிவிடும்.