காயலுக்கு அக்கரைச் சத்தம்

மட்டாஞ்சேரி படகுத் துறையில் சுக்கும் மிளகும் மணக்க நின்றுகொண்டிருந்தால், காயலுக்கு அக்கரையில் வில்லிங்டன் தீவிலிருந்து ஒரு குரல் கிளம்பும். ஐஎன்எஸ் கருடா தளத்தில் கடற்படையின் இளம் விமானிகள் டோர்னியர் விமானம் ஓட்டிப் பழகுகிறார்கள். முதலில் காதைத் துளைக்கும் ஊளை. ஓடுபாதையை விட்டு எழும்பியதும் அது தடித்த, சீரான ரீங்காரமாக இறங்கிவிடும்.

ஒற்றை எஞ்சின் விமானத்தில் பழகிய கைகளுக்கு இங்கே இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள். எனக்கோ பாதங்களின் வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. பயிற்றுநர் ஒருபக்க விசையைக் குறைத்தால், மூக்கு அந்தப் பக்கமே இழுபடும். மறுபக்கக் காலால் பெடலை அழுத்தி நேராக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் எதிர்ப்பக்கம் ஓடிவிடும். நீரோட்டத்தில் தோணிக்காரர் கழி ஊன்றும் அதே அளவு, அதே பொறுமை. 2020 அக்டோபரில் திவ்யா சர்மா, சுபாங்கி ஸ்வரூப், ஷிவாங்கி மூவரும் இங்கே இதைக் கற்றுத் தேறி, கடற்படையின் டோர்னியரை ஓட்டும் முதல் பெண் விமானிகள் ஆனார்கள். சாயங்காலங்களில் அந்த ரீங்காரம் வட்டமடித்துத் திரும்பி, தணிந்து, தரை தொட்டதும் ஒருமுறை உறுமும். அது அடங்கும்வரை அடுத்த படகுக்கு நான் அவசரப்படுவதில்லை.