மவுண்ட் மேரியின் மெழுகு உருக்கள்

மும்பையின் விக்ரோலியில் ரயில் ஏறி, தாதரில் மேற்குப் பாதைக்கு மாறினால் பாந்த்ரா. செப்டம்பர் 8, மாதா பிறந்தநாளை ஒட்டிய திருவிழா வாரத்தில் மவுண்ட் மேரி ஆலயத்துக்கு ஏறும் வழியெங்கும், மாதாவுக்குக் காணிக்கையாக வைக்கும் மெழுகு உருக்களின் கடைகள். கை, கால், கைக்குழந்தை, வீடு. கால் வலிப்பவர் காலை வாங்குகிறார். பிள்ளை வேண்டுபவர் குழந்தையை. வெளிநாடு போக விரும்புபவருக்கு விமானமும் உண்டு. வாங்குவோரில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள்.

உருக்கிய மெழுகை அச்சில் ஊற்றி ஆறவிட்டு எடுக்கிறார்கள். நுணுக்கம் குறைவுதான், விரல்கள்கூட ஒட்டியே கிடக்கும். ஆனால் அந்த எளிமையே அழகு. எழுதப் படிக்கத் தெரியாதவரின் வேண்டுதலையும் அது ஐயமின்றிச் சொல்லிவிடுகிறது.

ஆலயத்தின் இன்றைய கட்டடம் 1904-இல் எழுந்தது. 1954-இல் பசிலிக்கா ஆனது. வேண்டுதலுக்கு உருக்களைக் காணிக்கையாக்கும் வழக்கம் தமிழர்களான நமக்குப் புதிதல்ல. வேளாங்கண்ணியில் தங்க, வெள்ளி உருக்கள். மாரியம்மன் கோயில்களில் கண் வடிவக் காணிக்கையான கண்மலர். வேளாங்கண்ணித் திருவிழா நிறைவதும் அதே செப்டம்பர் 8-இல்தான். ஊருக்குப் போகமுடியாத மும்பைத் தமிழருக்கு இந்தக் குன்று பெரிய ஆறுதல்.

அடுத்த திருவிழாவுக்குப் போனால், உருவை வாங்கியதும் ஓடிவிடாதீர்கள். கடைப் பலகையில் அடுக்கியிருப்பவற்றை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.