துப்பாக்கிக் கடையில் ஒரு காட்சி

2004ஆம் ஆண்டிலே உருவான ‘கிறாஷ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் 2006இற் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. இனவெறுப்பைத் துணிவுடன் காட்டிய படமெனப் பலரும் அதனைப் போற்றினர். அப்புகழ்ச்சியை நாம் முற்றாக மறுப்பதற்கில்லை. ஆயினும், தொடக்கத்தில் வரும் துப்பாக்கிக் கடைக் காட்சி நமக்குச் சில ஐயங்களை எழுப்புகின்றது.

லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் சிறுகடை நடத்தும் பர்ஹாத் என்னும் பாரசீகர், தம் மகள் டோறியுடன் கைத்துப்பாக்கி வாங்க வருகிறார். ஆங்கிலம் அவருக்குச் சரளமில்லை. மகளுடன் தாய்மொழியிற் பேசுகிறார். அதனைக் கேட்டுப் பொறுமையிழந்த கடைக்காரன், அவரைப் பயங்கரவாதியென ஏளனஞ் செய்து வெளியேற்றுவிக்கிறான். எஞ்சி நின்ற மகளிடம் எவ்வகை ரவை வேண்டுமெனக் கேட்கும்போதும் அவன் பேச்சில் ஆபாசம் தொனிக்கின்றது. அவள் சிவப்புப் பெட்டியொன்றைக் கேட்கிறாள். அது என்னவென்று தெரியுமா என்கிறான். தரமுடியுமா, முடியாதா என்கிறாள். விற்பனை முடிந்துவிடுகின்றது.

உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் இப்படத்தைப் பார்த்தோம். கடைக்காரன் மரியாதையாகப் பேசியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா, சேர், என்று ஒரு மாணவி கேட்டாள். படத்தை இயக்கிய போல் ஹகிஸ் இவ்வினாவை எழுப்பவேயில்லை. இனிய சொல் பேசும் கடைக்காரனும் அதே துப்பாக்கியை, அதே விலைக்கு, அச்சத்தால் நிதானமிழந்த அதே மனிதருக்கு விற்றிருப்பான். அந்நாட்டுச் சமஷ்டிச் சட்டம் வாங்குபவரின் குற்றப் பதிவை விசாரிக்கின்றது. அவருடைய அச்சத்தை விசாரிப்பதில்லை.

மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கியின் விற்பனையை நோக்கினால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி வைத்திருத்தல் அரசியலமைப்பு உரிமையென அமெரிக்க உயர்நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. இன்று அரைவாசிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அதற்கு அனுமதிப்பத்திரமும் வேண்டியதில்லை. ஆகவே, முதன்முறை வாங்குவோர் பலருக்குக் கடைச் சிப்பந்தியே ஆசானாகிறான். பெண்ணொருத்தி வந்தால் சிறிய, பாரங்குறைந்த துப்பாக்கியை எடுத்து நீட்டுவது வழக்கமென அந்நாட்டுப் பெண்கள் முறையிடுகின்றனர். உண்மையில், பாரங் குறையக் குறையச் சுடும்போது கையை உதைக்கும் வேகம் கூடும். குழல் குறுகக் குறுகக் குறிபார்த்தலும் கடினமாகும். பழகாத கைக்கு மிகக் கடினமானது எதுவோ, அதுவே ‘உங்களுக்கு ஏற்றது’ என்ற புன்னகையோடு விற்கப்படுகின்றது! வசைபாடியவனுக்கும் இப்புன்னகைக்காரனுக்கும் பண்பில் வேறுபாடுண்டு, வியாபாரத்தில் இல்லை.

படமோ வசையுடன் நின்றுவிடுகின்றது. பின்னர் பர்ஹாத்தின் கடை சூறையாடப்படுகின்றது. காப்புறுதிக் கம்பனி கைவிரிக்கின்றது (முதலாளித்துவ அமைப்பின் முகம் தெரிய வேண்டிய இவ்விடத்தை ஹகிஸ் விரைந்து கடந்துவிடுகிறார்). பூட்டுத் திருத்திய ஏழைத் தொழிலாளியைத் தேடிச் சென்று அவர் சுடுகிறார். தந்தையைக் காக்கப் பாய்ந்த சிறுமிக்கு ஒன்றும் நேரவில்லை. சிவப்புப் பெட்டியில் இருந்தவை வெற்று ரவைகள். பர்ஹாத்தோ அச்சிறுமியைத் தேவதையென நம்பி அமைதி கொள்கிறார். கலைஞரும் நம்மை அவ்வமைதியில் ஆழ்த்த முயல்கிறார்.

ஆனால் அங்கே அற்புதம் எதுவும் நிகழவில்லை. டோறி பிணவறையிற் பணிபுரிபவள். அவள் அச்சிவப்புப் பெட்டியை ஏன் கேட்டாள் என்பதை ஒரு காட்சியிலேனும் அவள் வாயாற் சொல்லவைத்திருக்கலாம்.